மருத்துவ ஆய்வை நெறி பிறழாமல் வெளியிடுதல்: திட்டமிடும் நாளிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு மருத்துவ ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பும்போது, இணையப் படிவத்தின் பிற்பகுதியில் வரிசையாகச் சில கேள்விகள் வரும். நெறிமுறைக் குழுவின் அனுமதி எண் என்ன, பங்கேற்றவர்களிடம் ஒப்புதல் எப்படிப் பெறப்பட்டது, ஆய்வு எந்தப் பதிவேட்டில் எந்தத் தேதியில் பதிவானது, பணம் கொடுத்தவர் யார், கட்டுரையாளர் ஒவ்வொருவரும் செய்த வேலை என்ன, மூலத்தரவு எங்கே இருக்கிறது என்பவை அவை. ஆய்வையும் முடித்து, கட்டுரையையும் எழுதிய பிறகு இக்கேள்விகளை முதன்முறையாகச் சந்திப்பவர்கள் ஏராளம். அந்த நேரத்தில் உண்மையான விடை கையில் இல்லையென்றால், அதைப் புதிதாக உண்டாக்க வழி கிடையாது. அனுமதியும் ஒப்புதலும் பின்தேதியிட்டுப் பெறக்கூடியவை அல்ல. ஆகவே வெளியீட்டு நெறிமுறை என்பது கட்டுரை எழுதும் கட்டத்துக்கு மட்டும் உரியது என்று கொள்ளாமல், ஆய்வு திட்டமிடப்படும் நாளிலேயே அது தொடங்கிவிடுகிறது என்ற நிலைப்பாட்டில் நின்று, கால வரிசையில் இந்த வழிகாட்டி செல்கிறது.

முதல் படி: நெறிமுறைக் குழுவும் பதிவேடும்

மனிதர்களை உட்படுத்தும் மருத்துவ ஆய்வுக்கான அடிப்படை ஆவணம், உலக மருத்துவச் சங்கம் 1964-இல் ஏற்றுக்கொண்ட ஹெல்சிங்கி பிரகடனம். பலமுறை திருத்தப்பட்ட இது, 2024 அக்டோபரில் மீண்டும் புதுப்பிக்கப்பட்டது. பங்கேற்பாளர்களின் பாதுகாப்பைப் பற்றிய ஆவணம் என்றே பலரும் இதை நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் வெளியீட்டைப் பற்றியும் அது வெளிப்படையாகப் பேசுகிறது. சாதகமான முடிவுகளோடு, பாதகமானவையும் தெளிவற்றவையும் வெளியே வர வேண்டும் என்றும், தன் கோட்பாடுகளுக்கு ஒவ்வாத ஆய்வுகளின் அறிக்கையை இதழ்கள் ஏற்கக் கூடாது என்றும் அது சொல்கிறது.

முதலில் ஆய்வுத் திட்டத்தை எழுத்தில் வடித்து, நெறிமுறைக் குழுவின் முன் வையுங்கள். பழைய மருத்துவக் குறிப்பேடுகளை மட்டும் புரட்டி எழுதும் ஆய்வுக்கு அனுமதி தேவையில்லை என்று தாமாகவே முடிவு செய்துகொள்வது பரவலான பழக்கம். விலக்கு அளிக்கத் தக்க ஆய்வுகள் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அந்த விலக்கைக் குழுதான் வழங்க வேண்டும், ஆய்வர் தனக்குத்தானே வழங்கிக்கொள்ள முடியாது. விலக்குக் கடிதத்தையும் அனுமதிக் கடிதத்தைப் போலவே எண்ணோடும் தேதியோடும் பத்திரப்படுத்துங்கள். இடையில் திட்டம் மாறினால், அந்த மாற்றத்துக்கும் தனி அனுமதி பெறுங்கள்.

அடுத்தது பதிவு. சர்வதேச மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்கள் குழு, 2005 ஜூலை 1 முதல், முதல் பங்கேற்பாளரைச் சேர்ப்பதற்கு முன்பே பொதுப் பதிவேட்டில் பதிவு செய்யப்படாத மருத்துவச் சோதனைகளைத் தன் உறுப்பு இதழ்கள் பரிசீலிக்கா என்று விதித்தது. இந்த விதியின் தேவையை 2008-இல் வெளியான ஓர் ஆய்வு எண்களில் காட்டியது. மனச்சோர்வு மருந்துகளுக்காக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்திடம் பதிவாகியிருந்த 74 சோதனைகளை அது எடுத்துக்கொண்டது. அந்த நிர்வாகம் சாதகமானவை என்று கருதிய 38 சோதனைகளில் 37 இதழ்களில் வெளியாகியிருந்தன. எஞ்சிய 36-இல் 22 வெளியாகவே இல்லை. 11 சாதகமான முடிவு போலத் தோன்றும்படி எழுதப்பட்டிருந்தன. மூன்று மட்டுமே உள்ளபடி வெளிவந்தன. இதழ்களை மட்டும் படித்து மருந்து எழுதிய மருத்துவருக்கு, ஏறத்தாழ எல்லாச் சோதனைகளும் வெற்றி பெற்றதாகவே தெரிந்திருக்கும். எந்த ஒரு கட்டுரையிலும் பொய்யான எண் இருக்க வேண்டியதில்லை. வெளியிடாமல் விட்டதே மொத்த உருவத்தைப் பொய்யாக்கப் போதுமானதாக இருந்தது.

பதிவு செய்யும்போது முதன்மை விளைவு (சிகிச்சை பலித்ததா என்பதை முதன்மையாக எதைக் கொண்டு தீர்மானிப்பது) எது, அது எப்போது எந்த அளவுகோலால் அளக்கப்படும், எத்தனை பேர் தேவை என்பவற்றைத் தெளிவாக எழுதுங்கள். 'நோய் நிலையில் முன்னேற்றம்' என்று பொத்தாம்பொதுவாக எழுதிவைத்தால், பின்னால் எதை வேண்டுமானாலும் முதன்மை விளைவு என்று சொல்லிக்கொள்ள இடம் கிடைத்துவிடும். அப்படி ஒரு பதிவு இருந்தும் பயனில்லை. ஒரு கேள்வியைப் பற்றிய ஆய்வுகளையெல்லாம் முறையாகத் தேடித் தொகுக்கும் முறைசார் திறனாய்வுகளுக்கும் 2011 முதல் இயங்கும் ப்ராஸ்பெரோ போன்ற பதிவேடுகள் உள்ளன.

இரண்டாம் படி: யார் கட்டுரையாளர் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்தல்

ஆய்வுக் குழுக்களுக்குள் எழும் சச்சரவுகளில் மிகக் கசப்பானவை பெயர் வரிசையைப் பற்றியவை. சர்வதேச மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்கள் குழு நான்கு நிபந்தனைகளை வைத்திருக்கிறது. ஆய்வின் கருத்துருவாக்கத்திலோ வடிவமைப்பிலோ, தரவைத் திரட்டுவதிலோ பகுப்பதிலோ விளக்குவதிலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். வரைவை எழுதியிருக்க வேண்டும், அல்லது அதன் அறிவார்ந்த உள்ளடக்கத்தை ஆராய்ந்து திருத்தியிருக்க வேண்டும். வெளியாகும் இறுதி வடிவத்துக்கு இசைவு தந்திருக்க வேண்டும். கட்டுரையின் எந்தப் பகுதியைப் பற்றியேனும் கேள்வி எழுந்தால், அது முறையாக விசாரிக்கப்பட்டுத் தீர்க்கப்படும் வரை பொறுப்பேற்க உடன்பட்டிருக்க வேண்டும். நான்கில் ஏதாவது ஒன்று போதாது, நான்கும் சேர்ந்தே வேண்டும். துறைத் தலைவர் என்பதற்காகவோ, நிதி பெற்றுத் தந்தார் என்பதற்காகவோ, நோயாளிகளை அனுப்பிவைத்தார் என்பதற்காகவோ ஒருவர் கட்டுரையாளர் ஆகிவிட மாட்டார். அவர்களுக்கு உரிய இடம் நன்றியுரை. அதில் பெயர் குறிப்பிடவும் அவர்களுடைய அனுமதியைப் பெற வேண்டும்.

இந்த நிபந்தனைகளுக்கு இன்னொரு முகமும் உண்டு. அதைச் சொல்பவர்கள் குறைவு. இவை இளையவர்களை வெளியே தள்ளுவதற்கான கருவி அல்ல. இரவும் பகலும் தரவு திரட்டிய ஆய்வு மாணவரிடம் வரைவைக் காட்டாமலே வைத்திருந்து, 'நீ எழுதுவதில் பங்கேற்கவில்லை' என்று பெயரை நீக்குவது விதியைப் பயன்படுத்தி விதியை மீறும் செயல். முதல் நிபந்தனையை நிறைவு செய்த ஒவ்வொருவருக்கும் மற்ற மூன்றையும் நிறைவு செய்யும் வாய்ப்பு தரப்பட வேண்டும் என்று அதே வழிகாட்டுதல் கூறுகிறது.

உழைக்காதவரின் பெயர் சேர்வது ஒரு வகைத் தவறு என்றால், உழைத்தவரின் பெயர் மறைவது மற்றொரு வகை. ரோஃபெகாக்சிப் என்ற வலி நிவாரணி தொடர்பான வழக்குகளில் வெளிவந்த ஆவணங்களை ஆராய்ந்து 2008-இல் ஜாமா இதழில் வெளியான கட்டுரை, நிறுவன ஊழியர்களோ ஒப்பந்த எழுத்து நிறுவனங்களோ தயாரித்த பிரதிகளுக்குப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்களின் பெயர்கள் கட்டுரையாளர்களாகச் சேர்க்கப்பட்டதை விவரித்தது. எழுத்து உதவி பெறுவதே குற்றம் அல்ல. யார் உதவினார், யார் அதற்குப் பணம் கொடுத்தார் என்பதை எழுதிவிட்டால் அது முறையான உதவிதான்.

செயல்முறையில் இப்படிச் செய்யுங்கள். ஆய்வு தொடங்கும்போதே குழு கூடி, யார் எதைச் செய்வார், பெயர் வரிசை எப்படி அமையும், யாராவது இடையில் விலகினால் என்ன செய்வது என்பதை ஒரு பக்கத்தில் எழுதி அனைவரும் கையொப்பமிடுங்கள். பங்களிப்புகளை விவரிக்கப் பல இதழ்கள் பயன்படுத்தும் கிரெடிட் வகைப்பாட்டில் 14 பணிகள் உள்ளன. அதையே அட்டவணையாக வைத்துக்கொள்ளலாம். வேலை மாறும்போது ஒப்பந்தத்தையும் மாற்றுங்கள். கட்டுரையை அனுப்பிய பிறகு பெயர் சேர்க்கவோ நீக்கவோ நேர்ந்தால், நீக்கப்படுபவர் உட்பட எல்லோருடைய எழுத்துபூர்வ இசைவையும் இதழ் கேட்கும். செயற்கை நுண்ணறிவு மென்பொருள் எதையும் கட்டுரையாளராகச் சேர்க்க முடியாது, ஏனெனில் நான்காவது நிபந்தனையான பொறுப்பேற்றலை அதனால் நிறைவேற்ற இயலாது. அதைப் பயன்படுத்தியிருந்தால் எந்தப் பணிக்கு எப்படிப் பயன்படுத்தினீர்கள் என்று அறிவிக்க வேண்டும்.

மூன்றாம் படி: வெளியிடுவதற்கான ஒப்புதல்

சிகிச்சைக்கான ஒப்புதல், ஆய்வில் பங்கேற்பதற்கான ஒப்புதல், தன்னைப் பற்றிய விவரம் அச்சில் வருவதற்கான ஒப்புதல் ஆகிய மூன்றும் வெவ்வேறானவை. தனிநோயாளி அறிக்கைகளை எழுதுவோர் இந்த மூன்றாவதையே பெரும்பாலும் மறக்கிறார்கள். அறுவை சிகிச்சைக்குக் கையொப்பமிட்ட ஒருவர், தன் காயத்தின் படத்தை உலகம் முழுவதும் என்றென்றைக்கும் பார்க்கலாம் என்று சம்மதித்ததாக ஆகாது. முடிந்தால் அச்சுக்குச் செல்லும் வடிவத்தையே அவரிடம் காட்டி, இணையத்தில் வெளியானபின் முழுமையாக நீக்க இயலாது என்பதையும் விளக்கி, கையொப்பம் பெறுங்கள். சிறாருக்குப் பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோ, இறந்தவருக்கு நெருங்கிய உறவினரோ ஒப்புதல் அளிக்க வேண்டும்.

கண்களின் மேல் கறுப்புப் பட்டை போடுவது அடையாளத்தை மறைக்கப் போதாது. பெயரை நீக்குவதும் போதாது. கணினி அறிவியலாளர் லடான்யா ஸ்வீனி 2000-இல் செய்த கணக்கீட்டின்படி, அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் ஆகிய மூன்று மட்டுமே அமெரிக்க மக்கள்தொகையில் 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காட்டக் கூடியவை. அரிய நோய், ஊர், வயது, அனுமதித்த தேதி என்று நான்கு விவரங்களைச் சேர்த்து எழுதினால், உறவினர்களும் அண்டை வீட்டாரும் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். மருத்துவப் பொருளுக்குத் தேவையற்ற விவரங்களை நீக்குங்கள். அதே நேரத்தில், மறைப்பதற்காக வயதையோ பாலினத்தையோ மாற்றி எழுதாதீர்கள். அது தரவைத் திரிப்பதாகிவிடும்.

மரபணுத் தரவில் சிக்கல் ஒருவரோடு நிற்பதில்லை. அமெரிக்கப் புற்றுநோயாளி ஹென்ரியேட்டா லாக்ஸிடமிருந்து 1951-இல் எடுக்கப்பட்ட உயிரணுக்களிலிருந்து உருவாகி, ஆய்வகங்களில் வளர்க்கப்படும் ஹீலா உயிரணு வரிசையின் மரபணுத்தொகுதி 2013-இல் குடும்பத்தாரின் இசைவின்றி வெளியிடப்பட்டபோது, உயிரோடிருக்கும் வாரிசுகளின் மரபுத் தகவலும் அதனோடு வெளியே வந்துவிடும் என்ற எதிர்ப்பு எழுந்தது. அதே ஆண்டில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களும் குடும்பத்தாரும் அந்தத் தரவை அணுகுவதற்குக் கட்டுப்பாடுகள் விதிக்கும் உடன்பாட்டுக்கு வந்தனர்.

நான்காம் படி: தரவை யாராவது கண்ணால் பார்த்திருக்க வேண்டும்

தரவைப் புனைவதும் திரிப்பதும் தவறு என்பதற்கு வழிகாட்டி தேவையில்லை. நேர்மையான ஆய்வர்களும் சறுக்கும் இடங்களைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

2020 மே 22 அன்று லான்செட் இதழில், கோவிட் நோயாளிகளுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் அளிப்பதைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. 671 மருத்துவமனைகளைச் சேர்ந்த சுமார் 96,000 நோயாளிகளின் தரவு என்று அது கூறியது. தரவு சர்ஜிஸ்ஃபியர் என்ற நிறுவனத்திடம் இருந்தது. சுயேச்சையான தணிக்கைக்கு முழுத் தரவையும் தர அந்த நிறுவனம் மறுத்ததால், மற்றக் கட்டுரையாளர்கள் மூலத்தரவின் உண்மைத்தன்மைக்குத் தங்களால் உறுதி கூற முடியாது என்று அறிவித்து, ஜூன் 4 அன்று கட்டுரையைத் திரும்பப் பெற்றனர். அந்த இரண்டு வார இடைவெளிக்குள் உலக சுகாதார நிறுவனம் தன் சோதனையில் அந்த மருந்துப் பிரிவைத் தற்காலிகமாக நிறுத்தியிருந்தது. வெளியீட்டுக்கு முன் கேட்டிருக்க வேண்டிய தரவு, வெளியான பின்னர் கேட்கப்பட்டது என்பதுதான் இதில் முழுச் செய்தியும். உங்கள் குழுவில் ஒருவருக்கு மேற்பட்டோர் மூலத்தரவை நேரடியாக அணுகிச் சரிபார்த்திருக்க வேண்டும். பார்க்க முடியாத தரவின் மேல் பெயரைப் போடாதீர்கள்.

பகுப்பாய்வில் மிகுதியாக நிகழ்வது விளைவை மாற்றுதல். பதிவிலோ திட்டத்திலோ சொன்ன முதன்மை விளைவில் வேறுபாடு கிடைக்காதபோது, வேறுபாடு கிடைத்த வேறொன்றை முன்னால் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள். பதின்ம வயதினரிடம் பராக்சிடின் மருந்தைச் சோதித்த, 2001-இல் வெளியான '329-ஆம் ஆய்வு' இதற்குப் பேர்போன எடுத்துக்காட்டு. மருந்து பயனுள்ளது, பாதுகாப்பானது என்று அது அறிவித்தது. மூல ஆவணங்களைக் கொண்டு மறுபகுப்பாய்வு செய்து 2015-இல் பிஎம்ஜே இதழில் வெளியான கட்டுரை, மருந்தால் பயன் இல்லை என்றும், தற்கொலை எண்ணம் உள்ளிட்ட தீங்குகள் அதிகம் என்றும் கண்டது. திட்டத்திலிருந்து விலக நேர்ந்தால் விலகலாம். விலகியதையும் ஏன் விலகினீர்கள் என்பதையும் கட்டுரையிலேயே எழுதுங்கள்.

படங்களைப் பற்றியும் ஒரு சொல். நுண்ணுயிரியலாளர் எலிசபெத் பிக்கும் சக ஆய்வர்களும் 20,621 கட்டுரைகளை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், 3.8 விழுக்காட்டில் ஐயத்துக்குரிய படங்கள் இருந்தன. படம் முழுவதற்கும் ஒரே சீராக ஒளியைக் கூட்டிக் குறைப்பது ஏற்கத்தக்கது. ஒரு பகுதியை மட்டும் அழிப்பதும், ஒரே படத்தை இரண்டு சோதனைகளுக்குக் காட்டுவதும் ஏற்கத்தக்கவை அல்ல. திருத்தப்படாத மூலப் படங்களைத் தனிக் கோப்பில் வையுங்கள். மருத்துவச் சோதனைகளுக்கு, 2018 ஜூலை 1 முதல் அனுப்பப்படும் கட்டுரைகளில் தரவுப் பகிர்வு அறிக்கை இருக்க வேண்டும் என்பது ஆய்விதழ் ஆசிரியர்கள் குழுவின் விதி. 'பகிர மாட்டோம்' என்று எழுதவும் அதில் இடம் உண்டு, ஆனால் எழுதாமல் இருக்க இடமில்லை.

ஐந்தாம் படி: எழுதுதல்

ஆய்வின் வகைக்கேற்ற அறிக்கை வழிகாட்டுதலை எழுதத் தொடங்கும் முன்பே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். பங்கேற்பாளர்களைக் குலுக்கல் முறையில் பிரிக்கும் சமவாய்ப்புச் சோதனைகளுக்கு 1996-இல் தொடங்கி 2025 வரை புதுப்பிக்கப்பட்டுள்ள கன்சார்ட், தலையிடாமல் கவனித்து மட்டும் பதியும் நோக்கீட்டு ஆய்வுகளுக்கு ஸ்ட்ரோப், முறைசார் திறனாய்வுகளுக்கு பிரிஸ்மா, தனிநோயாளி அறிக்கைகளுக்கு கேர் என்று பல உள்ளன. ஈக்வேட்டர் வலையமைப்பின் தளத்தில் அனைத்தையும் காணலாம். கட்டுரை முடிந்தபின் பட்டியலை எடுத்துப் பக்க எண்களை நிரப்புவது வீண் சடங்கு. எத்தனை பேர் சேர்ந்தனர், எத்தனை பேர் ஏன் விலகினர், என்னென்ன தீங்குகள் நேர்ந்தன என்பவற்றை முதல் வரைவிலேயே எழுத வைப்பதற்காகத்தான் இவை உருவாக்கப்பட்டன.

எழுத்துத் திருட்டைக் கண்டறியும் மென்பொருள் தரும் விழுக்காட்டைப் பற்றிப் பெரும் மயக்கம் நிலவுகிறது. இத்தனை விழுக்காட்டுக்குள் இருந்தால் பாதுகாப்பு என்று எந்த எல்லையும் கிடையாது. செய்முறைப் பகுதியில் வழக்கமான தொடர்கள் ஒத்துப்போவது இயல்பு; விவாதப் பகுதியில் ஒரேயொரு பத்தி பிறருடையது என்றால், எண் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அது திருட்டுதான். உங்கள் பழைய கட்டுரையின் பகுதியை மீண்டும் எடுத்தாள்வதாக இருந்தால் மேற்கோள் காட்டுங்கள். மேற்கோள் காட்டும் ஒவ்வொரு கட்டுரையையும் திறந்து படித்திருக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகள், உண்மையில் இல்லவே இல்லாத கட்டுரைகளுக்கும் நம்பும்படியான தலைப்பும் ஆண்டும் தந்துவிடுகின்றன என்பதால், இந்தப் பழைய அறிவுரை இப்போது கூடுதல் கனம் பெற்றிருக்கிறது.

ஆறாம் படி: நலன் முரண்

ஆய்வரின் தீர்ப்பைச் சாய்க்கக்கூடிய தொடர்புகளே நலன் முரண். ஆய்விதழ் ஆசிரியர்கள் குழுவின் அறிவிப்புப் படிவம், இந்த ஆய்வுக்குக் கிடைத்த ஆதரவைக் கால எல்லையின்றியும், பிற தொடர்புகளைக் கடந்த 36 மாதங்களுக்கும் கேட்கிறது. நிதி மட்டுமல்லாது பங்குகள், காப்புரிமை, ஆலோசகர் பதவி, பயணச் செலவு, நீதிமன்றத்தில் நிபுணர் சாட்சியம் ஆகியவையும் இதில் அடங்கும். அறிவிப்பதா வேண்டாமா என்ற தயக்கம் வந்தாலே அறிவித்துவிடுங்கள். முரண் இருப்பது குற்றம் அல்ல, மறைப்பதுதான் குற்றம். நிதியளித்தவர் வடிவமைப்பிலோ பகுப்பாய்விலோ வெளியிடும் முடிவிலோ பங்கு வகித்தாரா என்பதையும் தனியே எழுதுங்கள். பாதகமான முடிவை வெளியிடத் தடை விதிக்கும் ஷரத்து ஒப்பந்தத்தில் இருந்தால், கையொப்பமிடும் முன்பே அதை நீக்கச் சொல்லுங்கள்.

12 குழந்தைகளை வைத்து எம்எம்ஆர் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்திய, லான்செட் இதழின் 1998-ஆம் ஆண்டுக் கட்டுரை இங்கே நினைவுக்கு வராமல் இராது. தடுப்பூசி நிறுவனங்களுக்கு எதிரான வழக்குக்காக முதன்மை ஆய்வர் பெற்ற பணம் அதில் அறிவிக்கப்படவில்லை. ஆனால் 2010 பிப்ரவரியில் இதழ் அதைத் திரும்பப் பெற்றபோது குறிப்பிட்டுச் சொன்ன காரணங்கள் வேறு: குழந்தைகள் பொறுக்கியெடுக்கப்படாமல் வரிசையாகப் பரிந்துரைக்கப்பட்டு வந்தவர்கள் என்ற கூற்றும், நெறிமுறைக் குழு அனுமதி அளித்தது என்ற கூற்றும் பொய்யென நிறுவப்பட்டன. அனுமதியைப் பற்றிய ஒற்றை வரி, 12 ஆண்டுகள் கழித்தும் ஒரு கட்டுரையைக் கீழே இறக்கப் போதுமானதாக இருந்தது.

ஏழாம் படி: இதழைத் தேர்ந்து அனுப்புதல்

ஒரு நேரத்தில் ஒரே இதழுக்கு மட்டும் அனுப்புங்கள். ஓர் ஆய்வின் முடிவுகளைத் துண்டு துண்டாக்கிப் பல கட்டுரைகளாக வெளியிட்டால், திறனாய்வு செய்வோர் அதே நோயாளிகளைப் பலமுறை எண்ணிவிடுவார்கள். பிரிக்க நியாயமான காரணம் இருந்தால் ஒவ்வொன்றிலும் மற்றதைக் குறிப்பிடுங்கள். 2019-இல் தொடங்கிய மெட்ஆர்க்கைவ் போன்ற தளங்களில், இதழின் மதிப்பீட்டுக்கு முன்பே முன்பதிப்பாக வெளியிடுவதைப் பெரும்பாலான மருத்துவ இதழ்கள் ஏற்கின்றன, ஆனால் அனுப்பும் கடிதத்தில் அதைச் சொல்லிவிட வேண்டும்.

கட்டணம் வாங்குவதால் மட்டும் ஓர் இதழ் போலி ஆகிவிடாது. சில நாட்களில் ஏற்பதாக வாக்களிப்பது, ஆசிரியர் குழுவில் கேட்காமலே பெயர்களைப் போடுவது, கட்டுரையை ஏற்ற பின்னரே கட்டணத்தைத் தெரிவிப்பது, புகழ்பெற்ற இதழின் பெயரைச் சற்றே மாற்றி வைத்துக்கொள்வது ஆகியவை எச்சரிக்கை அடையாளங்கள். அந்த இதழில் அண்மையில் வந்த கட்டுரைகள் சிலவற்றைப் படித்துப் பாருங்கள். எந்தத் தரப்பட்டியலையும் விட அது நன்றாகக் காட்டிக்கொடுக்கும்.

கட்டுரையைப் பரிசீலிக்கும் மதிப்பீட்டாளர்களைப் பரிந்துரைக்கும்படி இதழ் சொன்னால், உண்மையான நபர்களின் நிறுவன மின்னஞ்சலைக் கொடுங்கள். போலி முகவரிகள் வழியே நடந்த மதிப்பீடுகளால் பயோமெட் சென்ட்ரல் 2015-இல் 43 கட்டுரைகளையும், டியூமர் பயாலஜி இதழுக்காக ஸ்பிரிங்கர் 2017-இல் 107 கட்டுரைகளையும் திரும்பப் பெற்றன. கட்டுரையைச் சமர்ப்பித்துத் தரும் முகவர்களிடம் உங்கள் கணக்கின் கடவுச்சொல்லை ஒப்படைக்காதீர்கள். நீங்களே மதிப்பீட்டாளராக அமரும்போது, பிறரின் வெளியாகாத பிரதியைச் செயற்கை நுண்ணறிவுச் சேவையில் ஏற்றுவது இரகசியக் காப்பை மீறுவதாகும். உங்கள் கட்டுரைகளை மேற்கோள் காட்டும்படி வற்புறுத்துவதும் முறையல்ல.

எட்டாம் படி: வெளியான பிறகு

இதழ் மறுத்துவிட்டது என்பதற்காக மருத்துவச் சோதனையின் முடிவு மேசை இழுப்பறைக்குள் போய்விடக் கூடாது. முதன்மை விளைவுக்கான தரவுத் திரட்டல் நிறைவுற்ற 12 மாதங்களுக்குள் சுருக்க முடிவுகளைப் பதிவேட்டில் ஏற்றுவதை உலக சுகாதார நிறுவனம் ஒருங்கிணைத்த 2017-ஆம் ஆண்டுக் கூட்டறிக்கை எதிர்பார்க்கிறது.

வெளியான கட்டுரையில் பிழையைக் கண்டால் முதலில் உடன் எழுதியவர்களிடமும், உடனே இதழாசிரியரிடமும் தெரிவியுங்கள். முடிவைப் பாதிக்காத பிழைக்குத் திருத்த அறிவிப்பு போதும். விசாரணை நடக்கும்போது கவலை தெரிவிக்கும் அறிவிப்பு வரும். முடிவு நம்பத்தக்கதல்ல என்றாகிவிட்டால் கட்டுரை திரும்பப் பெறப்படும். 1997-இல் தொடங்கிய வெளியீட்டு நெறிமுறைக் குழுவான கோப், ஒவ்வொரு சூழலிலும் இதழாசிரியர் என்ன செய்ய வேண்டும் என்ற பாய்வு வரைபடங்களைப் பொதுவில் வைத்திருக்கிறது. புகார் அளிப்பவரும் புகாருக்கு உள்ளானவரும் அவற்றைப் படித்துக்கொள்வது நல்லது. நேர்மையான பிழையால் திரும்பப் பெற நேர்ந்தால், அது பிழையே என்பதை அறிவிப்பில் வெளிப்படையாக எழுதும்படி கேளுங்கள். காரணம் சொல்லாத அறிவிப்பு, படிப்பவரை மோசமானதையே ஊகிக்க வைக்கும்.

திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகள் அதற்குப் பிறகும் மேற்கோள் காட்டப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. எனவே கட்டுரையை அனுப்பும் முன்பும், மெய்ப்புப் பார்க்கும்போது இன்னொரு முறையும், உங்கள் மேற்கோள் பட்டியலைத் திரும்பப் பெற்ற கட்டுரைகளின் தரவுத்தளத்தோடு ஒப்பிடுங்கள். உங்கள் கட்டுரை வெளியான பிறகு அதில் நீங்கள் சார்ந்திருந்த ஒன்று திரும்பப் பெறப்பட்டால், அதை நீக்கிவிட்டு உங்கள் முடிவு நிற்கிறதா என்று மறுபடி கணக்கிட்டு, விடை எதுவானாலும் இதழாசிரியருக்கு எழுதுங்கள்.